அழற்சிக்கு எந்தத் தாவரச் சேர்மம்? ஏழு தேர்வுகள், ஓர் ஒப்பீடு

முழங்கால் வலியோடு நடமாடுபவர், பெருங்குடல் அழற்சிக்கு மருந்து எடுப்பவர், அடிக்கடி சளி பிடிப்பவர். மூன்று பேருக்கும் தொல்லை வேறு வேறு, ஆனால் கேட்பது ஒரே கேள்வி: மஞ்சளிலுள்ள குர்குமின் எடுக்கலாமா, மரப் பிசினான பாஸ்வெலியாவா, இல்லை பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரையா? புட்டிகளைப் பார்த்து இதற்கு முடிவு காண முடியாது. எல்லாவற்றிலும் "அழற்சியைக் குறைக்கும், நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும்" என்றே எழுதியிருக்கிறது.

அந்த வாசகத்துக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. அழற்சி என்பதே நோய் எதிர்ப்பு செல்கள் வேலை செய்வதன் விளைவுதான். ஒரு சேர்மம் உண்மையிலேயே அழற்சியைத் தணிக்கிறது என்றால், அந்த செல்களின் ஏதோ ஒரு வேலையை அது தடுக்கிறது என்று பொருள். எந்த வேலையைத் தடுக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் மாறும். அதைத் தீர்மானிக்காமல் சேர்மத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

## உடலுக்குள் நடப்பது, சுருக்கமாக

கிருமியோ சிதைந்த திசுவோ எதிர்ப்பட்டால் மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் முதலில் விழித்துக்கொள்கின்றன. என்எஃப்-கப்பா பி என்ற புரதம் அவற்றுக்குள் இன்னொரு புரதத்தால் கட்டுண்டு கிடக்கும். ஆபத்துக் குறிப்பு வந்ததும் கட்டு அவிழ்ந்து, அது உட்கருவுக்குள் போய், டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்களை (செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சமிக்ஞைப் புரதங்களை) தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். 1986-இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டார்கள். அதன் பிறகு வந்த தாவரச் சேர்ம ஆய்வுகளில் இதன் பெயர் இல்லாததைப் பார்ப்பது அரிது.

இரண்டாவது பாதை கொழுப்பு வழியே போகிறது. செல் சவ்விலிருந்து பிரியும் அராக்கிடோனிக் அமிலத்தை காக்ஸ் நொதிகள் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றும். வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் அதன் வேலை. அதே அமிலத்தை 5-லிப்பாக்சிஜினேஸ் என்ற வேறொரு நொதி லூக்கோட்ரையீனாக மாற்றும். லூக்கோட்ரையீன்தான் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை அந்த இடத்துக்குக் கூட்டமாக இழுத்துவருகிறது.

மூன்றாவது, இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டு. யூரிக் அமிலப் படிகங்கள் இதைத் தூண்டினால் இன்டர்லூக்கின்-1 பீட்டா வெளியாகும். நள்ளிரவில் கால் கட்டைவிரல் தீப்பற்றியதுபோல் எரியும் கவுட் தாக்குதல் இப்படித்தான் வருகிறது.

## எந்த அளவுகோல்களில் பார்க்கப் போகிறோம்

1. மேலே சொன்ன பாதைகளில் எதில் தலையிடுகிறது?
2. வாய்வழி எடுத்தால் தேவையான இடத்துக்குப் போதிய அளவில் போய்ச் சேருகிறதா?
3. மனிதர்களிடம், மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு என்ன சொல்கிறது?
4. கல்லீரலுக்கும், ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளுக்கும் என்ன ஆகும்?
5. யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

இவற்றில் இரண்டாவதுதான் மிக முக்கியம், ஆனால் விளம்பரங்களில் அது வருவதே இல்லை. ஆய்வகத் தட்டில் செல்களின்மேல் ஒரு சேர்மத்தை நேராக ஊற்றலாம். எந்தச் செறிவில் வேண்டுமானாலும் ஊற்றலாம். வாய்வழி போவதோ குடலையும் கல்லீரலையும் தாண்டித்தான் ரத்தத்துக்கு வர வேண்டும். அந்த இரண்டு இடங்களிலும் பல தாவரச் சேர்மங்களில் சர்க்கரை அமிலமோ சல்பேட்டோ ஒட்டப்பட்டு, அவை வெளியேறத் தயாராகிவிடும். தட்டில் வென்றது ரத்தத்தில் தோற்பதற்கு இதுவே முதல் காரணம்.

| சேர்மம் | தலையிடும் இடம் | மனிதச் சான்று | மறைவான செலவு |
|---|---|---|---|
| குர்குமின் | என்எஃப்-கப்பா பி, காக்ஸ்-2 | மூட்டுத் தேய்மான வலிக்கு மிதமானது | அரிதாகக் கல்லீரல் பாதிப்பு. மிளகுச் சேர்மத்தால் மருந்து மோதல் |
| பாஸ்வெலிக் அமிலங்கள் | 5-லிப்பாக்சிஜினேஸ் | மூட்டுத் தேய்மானத்துக்குப் பரவாயில்லை | தரம் புட்டிக்குப் புட்டி மாறும் |
| இஞ்சியின் ஜிஞ்சரால்கள் | காக்ஸ், நியூட்ரோஃபில் | சிறிய பலன் | வயிற்றெரிச்சல் |
| வில்லோ பட்டையின் சாலிசின் | காக்ஸ் வழி, ஓரளவு | முதுகுவலிக்கு உண்டு | ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து |
| இஜிசிஜி (பச்சைத் தேயிலை) | பல இடங்கள் | அழற்சி நோய்களுக்கு வலுவில்லை | அதிக அளவில் கல்லீரல் பாதிப்பு |
| ஆண்ட்ரோகிராஃபோலைட் (நிலவேம்பு) | என்எஃப்-கப்பா பி | சளி அறிகுறிகளுக்கு ஓரளவு | கடும் ஒவ்வாமை |
| கோல்சிசின் | நியூட்ரோஃபில், இன்ஃப்ளமசோம் | கவுட்டுக்கு உறுதியானது | அளவு மீறினால் நஞ்சு |

## குர்குமின்

அதிகம் விற்பதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். மஞ்சள் தூளின் எடையில் குர்குமின் சுமார் 3 சதவீதம் மட்டுமே. ஆகவே தூளைச் சாப்பிடுவதையும் செறிவூட்டிய சாறு எடுப்பதையும் ஒன்றாகப் பேச முடியாது.

தட்டில் இது எதையும் அடக்கும். அதுவே சந்தேகத்துக்கும் காரணம். குர்குமின் தானாகவே ஒளிரும், பல புரதங்களோடு குறிப்பில்லாமல் ஒட்டிக்கொள்ளும். உடலின் காரத்தன்மைக்கு நெருக்கமான கரைசலில், 37 டிகிரி வெப்பத்தில், அரை மணி நேரத்தில் அதன் பெரும்பகுதி சிதைந்துவிடும். இப்படிப்பட்ட ஒரு மூலக்கூறு சோதனைக் கருவிகளையே ஏமாற்றிப் பொய்யான வெற்றி காட்டக்கூடும். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் இதை விரிவாக எழுதினார்கள். தாவரச் சேர்மங்களை விரும்புகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

சரி, மனிதர்களிடம்? தாய்லாந்தில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் நான்கு வாரம் நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. நாளுக்கு 1,500 மி.கி. மஞ்சள் சாறு எடுத்தவர்களின் வலி, 1,200 மி.கி. ஐபுபுரூஃபன் எடுத்தவர்களுக்குச் சமமாகவே குறைந்தது. வயிற்று வலி புகார் சாறு எடுத்தவர்களிடம் குறைவு. மருந்தால் வயிறு புண்ணாகிறவர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் இதில் போலி மாத்திரைக் குழு இல்லை.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் அந்தக் குழுவோடு நடந்த ஆய்வு 2020-இல் வந்தது. முழங்காலில் நீர் கோத்து வீங்கிய 70 பேர், 12 வாரம். வலி, போலி மாத்திரையை விடக் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் எம்ஆர்ஐ படத்தில் வீக்கம் குறைந்ததில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. எனக்கு இந்த முடிவுதான் மிகவும் பயனுள்ளதாகத் தெரிகிறது. வலி குறைவதும் அழற்சி குறைவதும் ஒன்றல்ல. வலிக்காக எடுப்பவருக்கு இது போதும். மூட்டு அரிப்பைத் தடுக்கும் என்று நம்பி எடுப்பவருக்குப் போதாது.

குர்குமின் எங்கே அதிகம் நம்பிக்கை தருகிறது என்று கேட்டால், குடலில் என்பேன். ரத்தத்தில் சேராதது அங்கே குறையே இல்லை. அழற்சி இருக்கும் சவ்வின்மேல் அது நேராகவே படுகிறது. மெசலமைன் என்ற குடல் அழற்சி மருந்து எடுத்தும் அடங்காத பெருங்குடல் புண் அழற்சி உள்ள 50 பேரிடம் 2015-இல் வெளியான ஆய்வில், அந்த மருந்தோடு நாளுக்கு 3 கிராம் குர்குமின் சேர்த்த 26 பேரில் 14 பேருக்கு நான்கு வாரத்தில் நோய் தணிந்தது. போலி மாத்திரைக் குழுவில் ஒருவருக்கும் தணியவில்லை. சிறிய ஆய்வுதான். அதிலும் மெசலமைன் நிறுத்தப்படவில்லை, அதோடுதான் குர்குமின் சேர்க்கப்பட்டது.

இனி மறைவான செலவு. 1998-இல் வந்த ஓர் ஆய்வு, 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு கூடுவதாகக் காட்டியது. அதிலிருந்து புட்டிகளில் பைப்பரின் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்: கல்லீரலும் குடலும் வெளிப்பொருட்களை அப்புறப்படுத்தும் நொதிகளையே அது மட்டுப்படுத்துகிறது. அந்த நொதிகள் உங்கள் மற்ற மருந்துகளையும் கையாளுகின்றன. ஃபெனிட்டாயின் (வலிப்புக்கு), புரோப்பனலால் (ரத்த அழுத்தத்துக்கு), தியோஃபிலின் (ஆஸ்துமாவுக்கு) ஆகியவற்றின் ரத்த அளவு பைப்பரினால் கூடுவது மனிதர்களிடமே காட்டப்பட்டிருக்கிறது. வலிப்புக்கு மருந்து எடுப்பவர் மூட்டுவலிக்கு பைப்பரின் கலந்த குர்குமினைத் தொடங்குவது சின்ன விஷயம் இல்லை.

கல்லீரலையும் மறக்கக் கூடாது. 2022-இல் அமெரிக்காவில் மஞ்சள் சாறு தொடர்பான பத்து கல்லீரல் பாதிப்புகள் விரிவாக அலசப்பட்டன. பத்துப் பேரில் ஏழு பேரிடம் எச்எல்ஏ-பி 35:01 என்ற மரபணு வகை இருந்தது. அதாவது அந்த நோய் எதிர்ப்பு மரபணு உள்ள சிலரிடம் இந்தச் சேர்மமே எதிர்ப்பு செல்களைக் கல்லீரலின் மேல் ஏவிவிடுகிறது என்று தோன்றுகிறது. அரிதானதுதான், ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டி நமக்குத் தெரியாது.

## பாஸ்வெலிக் அமிலங்கள்

பாஸ்வெலியா மரப் பிசினிலிருந்து வருபவை. சல்லகி என்ற பெயரிலும் விற்கிறார்கள். இவற்றின் இலக்கு லூக்கோட்ரையீன் பாதை என்பதால், வழக்கமான வலிமாத்திரைகள் தொடாத இடத்தில் இவை கை வைக்கின்றன. வயிற்றுச் சவ்வைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின்களை அதிகம் தொந்தரவு செய்யாததும் ஒரு நன்மை.

மூட்டுத் தேய்மானத்துக்கான மூலிகை மருந்துகளை அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2014 தொகுப்பில், செறிவூட்டிய சாறு 100 மி.கி. எடுத்தவர்களின் வலி 90 நாளில் 100 புள்ளி அளவையில் 23 ஆக இருந்தது. போலி மாத்திரைக் குழுவில் 40. ஆய்வுகள் சிறியவை, பல நிறுவனங்களின் பணத்தில் நடந்தவை. அப்படியிருந்தும், முழங்கால் தேய்மான வலிக்கு ஒன்றே ஒன்றை முயன்று பார்க்க வேண்டும் என்று கேட்பவருக்கு, அதுவும் வேறு மருந்துகள் எடுப்பவருக்கு, குர்குமினுக்கு முன்னால் இதையே சொல்வேன். காரணம் எளிது: இதில் பைப்பரின் தேவையில்லை. கொழுப்புள்ள உணவோடு எடுத்தாலே உறிஞ்சல் கூடுகிறது.

வாங்கும்போது பாஸ்வெலிக் அமிலம் எத்தனை மி.கி. என்று தனியாகக் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். "500 மி.கி. சாறு" என்று மட்டும் எழுதியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய வழியில்லை.

## இஞ்சி

இஞ்சிச் சாறு மாத்திரைகளை மூட்டுத் தேய்மானத்துக்குச் சோதித்த ஐந்து ஆய்வுகளின் கூட்டுக் கணிப்பு 2015-இல் வந்தது. 593 பேர். வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் இடையில் விட்டுப் போனவர்கள், போலி மாத்திரைக் குழுவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வாயில் சுவை பிடிக்காததும் வயிற்றுத் தொந்தரவும் காரணங்கள்.

செல் அளவில் 2023-இல் ஒரு சுவையான கண்டுபிடிப்பு வந்தது. நியூட்ரோஃபில்கள் தம் டிஎன்ஏ-வையே வலைபோல் வெளியே வீசிக் கிருமியைப் பிடிக்கும். எதிர்ப்பு செல்கள் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களில் அந்த வலையே உடலுக்குக் கேடாகிறது. ஆரோக்கியமானவர்கள் நாளுக்கு 20 மி.கி. ஜிஞ்சரால் வீதம் ஏழு நாள் எடுத்ததும் அவர்களுடைய நியூட்ரோஃபில்கள் வலை வீசுவது குறைந்தது. நோயாளிகளுக்கு இதனால் நன்மை உண்டா என்பது அடுத்த கேள்வி. இதை வைத்து லூபஸ் மருந்தைக் குறைக்க யாரும் நினைக்கக் கூடாது.

## வில்லோ பட்டை

ஆஸ்பிரினின் மூதாதை. எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் வில்லோ பட்டைப் பொடியால் காய்ச்சல் தணிவதை 1763-இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். சாலிசின் குடலிலும் கல்லீரலிலும் மாறி சாலிசிலிக் அமிலமாகிறது. ஆஸ்பிரின் வேலை செய்யும் விதத்தை ஜான் வேன் 1971-இல் விளக்கினார், 1982-இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

கீழ்முதுகு வலி திடீரென்று கூடிய 210 பேரிடம் நடந்த ஆய்வு 2000-இல் வெளியானது. நான்காவது வாரத்தில் வலியில்லாமல் இருந்தவர்கள்: நாளுக்கு 240 மி.கி. சாலிசின் எடுத்தவர்களில் 39 சதவீதம், 120 மி.கி.யில் 21 சதவீதம், போலி மாத்திரையில் 6 சதவீதம். அளவு கூடக் கூடப் பலன் கூடுவது நம்பத் தகுந்த அடையாளம். வியப்பு என்னவென்றால், 240 மி.கி. சாலிசின் தரும் சாலிசிலிக் அமிலம், 87 மி.கி. ஆஸ்பிரின் தருவதற்குத்தான் சமம். வலி தணிய அது போதாது. பட்டையிலுள்ள பாலிஃபீனால் என்ற வேறு சேர்மங்களும் சேர்ந்து உதவுகின்றன என்று கருதப்படுகிறது.

இங்கே ஒரு தவறான கணக்குப் போட்டுவிடக் கூடாது. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் "இயற்கையானது" என்று வில்லோவுக்கு மாறினால் பாதுகாப்பு போய்விடும். ரத்தத் தட்டுகளை நிரந்தரமாக முடக்குவது ஆஸ்பிரினின் அசெட்டைல் பகுதி. அது சாலிசினில் கிடையாது. ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள், குழந்தைகள் ஆகியோருக்கும் வில்லோ வேண்டாம்.

## இஜிசிஜி

பச்சைத் தேயிலையின் முதன்மைச் சேர்மம். பானமாகக் குடிப்பவரைப் பற்றி இங்கே கவலை இல்லை. மாத்திரையாக நாளுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுப்பது, கல்லீரல் பாதிப்பின் அடையாளமாக ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் கூடுவதோடு தொடர்புள்ளது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. வெறும் வயிற்றில் எடுப்பது இன்னும் மோசம். புற்றுநோய்க்கு போர்டெசோமிப் எடுப்பவர்களுக்கு இது கூடவே கூடாது. ஆய்வகச் சோதனைகளில் இஜிசிஜி அந்த மருந்தோடு நேராகப் பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. அழற்சிக்காக இதை மாத்திரையாக எடுக்க எனக்கு ஒரு நல்ல காரணமும் தெரியவில்லை.

## ஆண்ட்ரோகிராஃபோலைட்

நிலவேம்பின் கசப்பு இதுதான். வேதியியல் ரீதியாக இந்தப் பட்டியலில் மிகத் தெளிவான கதை இதனுடையது: என்எஃப்-கப்பா பி-யின் பி50 பகுதியில் 62-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீனோடு இது நிரந்தரமாகப் பிணைகிறது என்று 2004-இல் காட்டினார்கள். கவனியுங்கள், இது எதிர்ப்பாற்றலைக் "கூட்டுவது" அல்ல. சளியின்போது நம்மைப் படுத்தும் தொண்டை வலியும் மூக்கடைப்பும் எதிர்ப்பு செல்களின் வேலையால் வருபவை. அதை மட்டுப்படுத்துவதால் அறிகுறி குறையலாம். தொடக்கத்திலேயே சில நாள் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் நிவாரணம் கிடைத்ததாக ஆய்வுகள் உண்டு. தினமும் தடுப்பு மருந்துபோல் எடுக்க இந்தச் செயல்முறையில் ஆதாரம் இல்லை.

நீண்டகால அழற்சிக்கு இதன் வரலாறு ஒரு பாடம். பெருங்குடல் புண் அழற்சிக்கு 2013-இல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில், நாளுக்கு 1,800 மி.கி. சாறு எடுத்தவர்களில் 60 சதவீதத்தினருக்குப் பலன், போலி மாத்திரையில் 40. நம்பிக்கையோடு தொடங்கிய மூன்றாம் கட்ட ஆய்வு, பலன் தெரியாததால் 2014-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. சிறிய ஆய்வுகளை மட்டுமே நம்பி நிற்கும் மேலே சொன்ன பல சேர்மங்களுக்கும் இதே கதி நேரலாம். கடும் ஒவ்வாமை பற்றி ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

## கோல்சிசின்

கோல்ச்சிக்கம் செடியிலிருந்தும் செங்காந்தளிலிருந்தும் எடுக்கப்படுவது. இது துணைமாத்திரை இல்லை, மருத்துவர் எழுதித் தரும் மருந்து. ஆனாலும் இந்த ஒப்பீட்டில் வைத்திருக்கிறேன். ஒரு தாவரச் சேர்மம் நோய் எதிர்ப்பு செல்களை நிஜமாகவே அடக்கினால் எப்படி இருக்கும் என்பதற்கு இதுவே அளவுகோல்.

செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களின் புரதத்தில் இது ஒட்டிக்கொள்கிறது. நுண்குழல் இல்லாமல் நியூட்ரோஃபில் இலக்கு நோக்கி ஒழுங்காக நகர முடியாது, இன்ஃப்ளமசோமும் ஒழுங்காகக் கூடாது. கவுட் தாக்குதலில் ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 1.8 மி.கி. கொடுப்பது, பழைய முறைப்படி 4.8 மி.கி. கொடுப்பதற்கு இணையான பலன் தருகிறது என்று 2010 ஆய்வு காட்டியது. வயிற்றுப்போக்கு குறைந்த அளவில் 23 சதவீதம், கூடிய அளவில் 77 சதவீதம். பலனுக்கும் நஞ்சுக்கும் நடுவே எவ்வளவு குறுகிய இடம் என்று பாருங்கள்.

மாரடைப்பு வந்த 4,745 பேரிடம் 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 0.5 மி.கி. எடுத்தவர்களுக்கு இதய நிகழ்வுகள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைந்தன. 2023-இல் அமெரிக்காவில் இதயத்துக்காகவும் அனுமதி கிடைத்தது. 2024-இல் சுமார் 7,000 பேரிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்த்து எடுத்து இறந்தவர்கள் உண்டு, சிறுநீரகம் பழுதானவர்களிடம் இன்னும் ஆபத்து. செங்காந்தள் கிழங்கை வீட்டு மருந்தாகப் பயன்படுத்தவே கூடாது. ஒரு கிழங்கில் எவ்வளவு கோல்சிசின் இருக்கிறது என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது.

## எந்த நிலையில் எது

முழங்கால் தேய்மான வலி, வேறு மருந்துகள் உண்டு என்றால் பாஸ்வெலியா. வேறு மருந்து இல்லை, ஐபுபுரூஃபன் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை என்றால் பைப்பரின் இல்லாத குர்குமின். பெருங்குடல் புண் அழற்சியில் குர்குமினைக் கூடுதலாகச் சேர்ப்பது பற்றி உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்கத் தகுந்த கேள்விதான். முதுகுவலி திடீரென்று கூடியவருக்கு, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளும் உடம்பென்றால், சில வாரம் வில்லோ. கவுட்டுக்கு மருத்துவர் தரும் கோல்சிசின்.

முடக்குவாதம் என்றால் இவற்றில் எதுவும் முதல் தேர்வு இல்லை. காலையில் அரை மணிக்கு மேல் விரல்கள் விறைத்து, சிறு மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கினால், அது பெரும்பாலும் தேய்மானம் அல்ல. அந்த நோயில் தொடக்க மாதங்களிலேயே மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தைத் தொடங்கினால்தான் மூட்டு காப்பாற்றப்படும். அந்த மாதங்களைக் குர்குமினோடு கழிப்பது ஈடுசெய்ய முடியாத இழப்பு. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் இந்த மாத்திரைகளைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

முயன்று பார்ப்பதானால் ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. பல சேர்மங்கள் கலந்த மாத்திரை வேண்டாம். பலன் வந்தாலும் பாதிப்பு வந்தாலும் எதனால் என்று தெரியாது. தொடங்குமுன் ஒரு வாரம் தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று எழுதிவையுங்கள், எட்டாவது வாரத்தில் மறுபடி எழுதுங்கள். இரண்டு புள்ளிகூடக் குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம். அறுவை சிகிச்சை என்றால், இவற்றை எடுப்பதை முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், சிறுநீர் அடர்ந்த நிறமாவது, உடல் அரிப்பு, பசியின்மை, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்தி, புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு கல்லீரல் பரிசோதனைக்குப் போங்கள்.